ஓய்வுநாளை மாற்றியது யார்? அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்காக இரவெல்லாம் பயணம் செய்து ஊருக்கு வந்தீர்கள். ஆனால் ஏழாம் நாளான சனிக்கிழமையே ஓய்வுநாள் என்று நம்புகிற நீங்கள், அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோயிலுக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டு, ஆராதனை முடிந்ததும் அப்பாவின் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டீர்கள். ஞாயிறு ஆராதனையை ரோமப் பேரரசை ஆண்ட கான்ஸ்டன்டைன் மன்னன் சூரிய வணக்கத்திலிருந்து எடுத்துச் சபைக்குள் புகுத்தினான் என்றும், அதில் பங்குபெறுகிறவர்கள் வெளிப்படுத்தின விசேஷம் எச்சரிக்கும் மிருகத்தின் முத்திரையைத் தரித்தவர்கள் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்படியானால் உன் அம்மா இத்தனை வருஷம் கும்பிட்டது யாரை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதே தாள் நம் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் அதே கேள்வியை எழுப்பியிருப்பதை அறிந்ததால், உங்களுக்கு எழுதுவதை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று வெளிப்படையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தை ஒப்புக்கொள்கிறேன். ஏழாம் நாள் என்பது சனிக்கிழமைதான். நாம் நற்கருணை ஆராதனையில் பத்துக் கட்டளைகளை வாசிக்கும்போது "ஓய்வு நாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து நடத்தும் வகுப்புக்கு ஓய்வுநாள் பள்ளி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஓய்வுநாள் சனியிலிருந்து ஞாயிறுக்கு இடம் மாறியது என்று புதிய ஏற்பாட்டில் ஒரு வசனமும் சொல்லவில்லை. பவுல் பிசிதியா நாட்டு அந்தியோகியாவிலும் தெசலோனிக்கேயிலும் கொரிந்துவிலும் ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனதை அப்போஸ்தலர் நடபடிகள் மறைக்காமல் சொல்கிறது. கிறிஸ்து உயிர்த்தெழுந்ததால் கட்டளையின் நாளே வாரத்தின் முதலாம் நாளுக்கு மாறிவிட்டது என்று தெளிவாக எழுதிவைத்தது 1646ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. நம் ஊருக்கு வந்த மிஷனெரிமார் கொண்டுவந்த ஞாயிறும் பெரும்பாலும் அந்த ஆங்கிலேய ஞாயிறுதான். அதை அப்போஸ்தலர்களின் கட்டளைபோலச் சபையில் கற்பித்தது நம் தவறு.

ஆனால் கான்ஸ்டன்டைனைப் பற்றித் துண்டுப்பிரசுரம் சொல்வது உண்மைக்கு மாறானது, அண்ணா. அவர் கி.பி. 321ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி ஓர் ஆணை பிறப்பித்தது உண்மை. சூரியனுடைய நாளில் நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் ஓய்ந்திருக்க வேண்டும், விதைப்புக்கும் நடவுக்கும் பருவம் தவறக்கூடாது என்பதால் விவசாயிகள் மட்டும் வேலை செய்யலாம் என்பதே அதன் சாரம். அதில் ஆராதனையைப் பற்றிய பேச்சே இல்லை. அதற்கு ஏறக்குறைய 165 ஆண்டுகளுக்கு முன்பே, சபை இன்னும் உபத்திரவத்தில் இருந்த காலத்தில், ரோமிலிருந்த ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி மன்னன் அன்டோனினஸ் பயஸுக்கு எழுதிய விண்ணப்பத்தின் 67ஆம் அதிகாரத்தில், நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் வாழும் விசுவாசிகள் சூரியனுடைய நாளில் ஓரிடத்தில் கூடி, அப்போஸ்தலர்களின் நினைவேடுகளையும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையும் வாசித்து, அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் பகிர்ந்து, ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்ததை விவரித்திருக்கிறார். அந்த நாளுக்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: தேவன் உலகத்தைப் படைக்கத் தொடங்கிய முதல் நாள் அது, கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்த நாளும் அதுவே.

"சூரியனுடைய நாள்" என்று அவரே எழுதியிருக்கிறாரே என்று நீங்கள் கேட்பீர்கள். அதே பத்தியில் கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்டது சனி கிரகத்துக்குரிய நாளுக்கு முந்தின நாள் என்றும் எழுதியிருக்கிறார். ரோமர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக அவர்கள் நாட்களுக்கு வைத்திருந்த கிரகப் பெயர்களைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். நம் தமிழிலும் ஞாயிறு என்றால் சூரியன் என்பதை உங்கள் துண்டுப்பிரசுரம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. சனி என்பதும் ஒரு கிரகத்தின் பெயர்தானே! பெயரை வைத்து ஒரு நாளைப் புறமதம் என்று தீர்ப்பதானால் இரண்டு நாளும் ஒன்றாகத்தான் விழும்.

ஜஸ்டினுக்கும் முந்தின சாட்சிகள் உண்டு. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த திதகே என்னும் சபை ஒழுங்கு நூல், கர்த்தருடைய நாளில், அதாவது ஞாயிறன்று, கூடி அப்பம் பிட்கச் சொல்கிறது. ஏறத்தாழ கி.பி. 110இல் அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸ், ஓய்வுநாளை ஆசரிக்காமல் கர்த்தருடைய நாளின்படி வாழ்வதைப் பற்றி மக்னேசியா சபைக்கு எழுதியதையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அங்கே கிரேக்கக் கையெழுத்துப் பிரதியில் "நாள்" என்ற சொல்லே இல்லை என்று உங்கள் தரப்பு அறிஞர்கள் சொல்வதில் வலு இருப்பதால் அதை என் வாதத்தில் சேர்க்கவில்லை. என்னை அதிகம் யோசிக்கவைத்தது நான்காம் நூற்றாண்டுப் பேராயர் யூசேபியஸ் தன் சபை வரலாற்றின் மூன்றாம் நூலில் தரும் ஒரு செய்தி. எபியோனியர் எனப்பட்ட யூதக் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவார் ஓய்வுநாளையும் மற்ற யூத முறைமைகளையும் கைக்கொண்டபடியே, உயிர்த்தெழுதலின் நினைவாகக் கர்த்தருடைய நாளையும் ஆசரித்தார்கள் என்கிறார். ரோமச் சபை சொன்னதைக் கேட்டு நடக்கிறவர்கள் அல்லர் அவர்கள், பவுலையே ஏற்காதவர்கள். அவர்களிடத்திலும் முதலாம் நாள் இருந்திருக்கிறது.

உங்கள் தரப்பிலேயே பெரிதும் மதிக்கப்படும் அறிஞர் சாமுவேல் பாக்கியோக்கி சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். ரோமிலுள்ள கத்தோலிக்க கிரிகோரியன் பல்கலைக்கழகத்தில் இதே பொருளை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். அந்த ஆய்வு 1977இல் நூலாக வந்தது. ஞாயிறு ஆசரிப்பு இரண்டாம் நூற்றாண்டில், ஹட்ரியன் மன்னன் காலத்து யூத எதிர்ப்புச் சூழலில் ரோமில் தொடங்கியது என்பது அவர் முடிவு. அதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஆனாலும் அவரே கான்ஸ்டன்டைனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்னே போய்விட்டார் என்பதைக் கவனியுங்கள். அட்வென்டிஸ்ட் சபையின் போதனையும், இன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதிக்கிற ஒருவர் மிருகத்தின் முத்திரையைத் தரித்துவிட்டார் என்று சொல்வதில்லை. எந்தச் சபையும் தன் பெயரைப் போடாமல் அச்சிட்ட ஒரு தாளை நம்பி நீங்கள் அப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டீர்கள்.

உண்மையில், "ஓய்வுநாளை மாற்றியது யார்?" என்ற கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறேன். முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஞாயிறு ஓய்வுநாளாகவே இருக்கவில்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி டிராஜன் மன்னனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடித் துதித்துக் கலைந்து, பிறகு உணவருந்த மறுபடி கூடினார்கள் என்று எழுதுகிறார். எந்த நாள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் விடியுமுன் கூடுகிறவர்கள் யார்? விடிந்ததும் வேலைக்குப் போகவேண்டியவர்கள். அடிமைகளும் கூலிக்காரரும் நிறைந்த அந்தச் சபைகளுக்கு ஞாயிறு விடுமுறையாக இருக்க வழியே இல்லை. துரோவா பட்டணத்தில் "வாரத்தின் முதல்நாளிலே" அப்பம் பிட்கக் கூடிய சீஷர்களிடம் பவுல் நடுராத்திரிமட்டும் பேசியதும், ஐத்திகு என்ற வாலிபன் தூக்க மிகுதியால் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்ததும் உங்களுக்குத் தெரிந்த பகுதி. யூதக் கணக்குப்படி நாள் சூரியன் மறையும்போதே தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் அது நமக்குச் சனிக்கிழமை இரவு. லூக்கா எந்தக் கணக்கில் எழுதினார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எனினும் அந்தக் காட்சியை மனதில் வைத்துப் பார்க்கும்போது, பகலில் ஓய்வுநாளை ஆசரித்த யூத விசுவாசிகள் பொழுது சாய்ந்ததும் அதே வீட்டு மாடியில் விளக்கேற்றி அப்பம் பிட்டிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாள் மற்றொரு நாளைத் துரத்தவில்லை. ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்கியது.

பின்னாளிலும் பல நாடுகளில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சீரியாவில் தொகுக்கப்பட்ட அப்போஸ்தல ஒழுங்குகள் என்ற நூல், அடிமைகள் ஐந்து நாள் வேலை செய்யட்டும், ஓய்வுநாளிலும் கர்த்தருடைய நாளிலும் சபைக்கு வர அவர்களுக்கு நேரம் விடுங்கள் என்கிறது. முன்னது படைப்பின் நினைவாக, பின்னது உயிர்த்தெழுதலின் நினைவாக. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்து உன் வேலைக்காரனை இளைப்பாறவிடு என்று உபாகமம் ஐந்தாம் அதிகாரம் சொல்வது இந்த ஒழுங்கில் எனக்கு மறுபடி கேட்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ், அலெக்சாந்திரியாவும் ரோமும் தவிர ஏறக்குறைய எல்லாச் சபைகளும் வாரந்தோறும் ஓய்வுநாளிலும் நற்கருணை கொண்டாடுவதாகக் குறித்திருக்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பாவத்தையும் சொல்லவேண்டும். கி.பி. 364 வாக்கில் சபைத் தலைவர்கள் லவோதிக்கேயாவில் கூடிய சங்கத்தின் 29ஆம் விதி, கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் ஓய்ந்திருந்து யூதரைப்போல நடக்கக்கூடாது, அன்று வேலை செய்யவேண்டும் என்று கட்டளையிட்டது. மீறுகிறவர்களைக் கிறிஸ்துவுக்குப் புறம்பானவர்களாகத் தீர்த்தது. அப்படித் தடைபோட வேண்டியிருந்தது என்பதே, அங்கே விசுவாசிகள் அப்போதும் ஓய்வுநாளை ஆசரித்துவந்தார்கள் என்பதற்குச் சாட்சி. எத்தியோப்பியாவில் பதினான்காம் நூற்றாண்டில் ஏவோஸ்தாத்தேவோஸ் என்ற துறவி இரண்டு நாளையும் ஆசரிக்க வேண்டும் என்று போதித்ததால் நாட்டைவிட்டே போய் ஆர்மீனியாவில் இறந்தார். அவருடைய சீஷர்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். 1450இல் ஸெரா யாக்கோபு மன்னன் கூட்டிய சங்கத்தில்தான் இரு நாள் ஆசரிப்பு ஏற்கப்பட்டது.

நம் நாசரேத் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரியும். 1857இல் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் ஐரோப்பிய மிஷனெரிகளோடு முரண்பட்டுப் பிரிந்து தனிச் சபை தொடங்கியபோது, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஏற்றுக்கொண்டார். அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் அந்தப் பக்கம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்தது அது. வெள்ளைக்காரரின் முறைமைகளைத் தாண்டி வேதத்தின் மூலத்துக்கே போய்விடவேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்திருக்கிறது. அதே தாகம் உங்களுக்கும் இருப்பதைப் பார்க்கிறேன். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

நான் உங்களிடம் கேட்பது வேறு. ஜஸ்டின் எழுதிய இன்னொரு நூல், டிரைபோ என்ற யூதரோடு நடந்த உரையாடல். அதில் யூதர்களைப் பற்றி வரும் கடுஞ்சொற்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் 47ஆம் அதிகாரத்தில் டிரைபோ ஒரு கேள்வி கேட்கிறார்: இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிட்டு, அதோடு ஓய்வுநாள் முதலிய முறைமைகளையும் கைக்கொள்ள விரும்புகிற ஒருவன் இரட்சிக்கப்படுவானா? என் கருத்தில் இரட்சிக்கப்படுவான், இவற்றைக் கைக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு இரட்சிப்பில்லை என்று மற்றவர்களை வற்புறுத்தாதவரையில், என்கிறார் ஜஸ்டின். "என் கருத்தில்" என்கிறீரே, வேறு கருத்தும் உண்டா என்று டிரைபோ விடாமல் கேட்கிறார். உண்டு, அப்படிப்பட்டவர்களோடு பேசவும் உண்ணவும் மறுக்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள், நான் அவர்களோடு உடன்படவில்லை என்று ஜஸ்டின் ஒப்புக்கொள்கிறார். அவர்களை ஒரே வயிற்றில் பிறந்தவர்களாகவும் சகோதரர்களாகவும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொற்களின் பொருள்.

"அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று நாட்களை விசேஷமாக எண்ணுவதைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதியதை நான் உங்களுக்குச் சொல்லும்போதெல்லாம், அது உபவாச நாட்களைப் பற்றியது, ஓய்வுநாளைப் பற்றியதல்ல என்பீர்கள். இருக்கட்டும், அந்த வசனத்தில் நாம் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் சனிக்கிழமையை ஆசரியுங்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் சமையலை முடித்து, கடையை அடைத்து, கைப்பேசியை அணைத்துவைக்கும் உங்கள் ஒழுங்கு எங்கள் வீட்டில் இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஆனால் அம்மா கும்பிட்டது சூரியனை அல்ல என்று அப்பாவிடம் நீங்கள் உங்கள் வாயால் சொல்லவேண்டும். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை உங்களோடு உங்கள் சபைக்கு வந்து முழு ஆராதனையிலும் இருப்பேன். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று மட்டும் எழுதுங்கள். அன்றிரவு நாம் இருவரும் சேர்ந்து ஊருக்கு ரயிலேறலாம். மறுநாள் காலை கோயிலுக்குள் வரச்சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆராதனை முடிந்து அப்பா வெளியே வரும்போது அந்த வேப்பமரத்தடியில் நீங்கள் இருந்தால் போதும்.

அன்புடன்,
தங்கள் தம்பி