விடியற்காலையில் வேர்த்தது என்றாயே

யாங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியது, மௌல்மீனில் விடாத மழை, எல்லாவற்றையும் சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: "நீ செய்வதுபோல இராச்சாப்பாட்டை விட்டேன், விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியது." அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அன்றைக்கு மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டாயா? நீ சர்க்கரை நோய்க்குச் சாப்பிடுவது கிளிமெபிரைடு. அது இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நீ எழுதியபடிதான் வேர்க்கும், நடுங்கும். இன்னும் இறங்கினால் நினைவே தப்பிவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

நான் ஆரம்பித்தபோது எனக்கு மாத்திரையே இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் (HbA1c) என் சர்க்கரை 6.2 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை நோய் வாசற்படியில் நிற்கிறது, 6.5 ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். என் நிலை வேறு, உன் நிலை வேறு. போன கடிதத்திலேயே இதை எழுதாமல் விட்டது என் தவறு.

நான் செய்வது இவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ், மூன்று மணிக்குள் சோறு, அப்புறம் தண்ணீர் மட்டும். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா, வா என்கிற பௌத்த மழைக்கால விரத மாதங்களில் சீலம் (விரத நெறி) எடுத்து மதியத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிட மாட்டார். அவரைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. 2018இல் அமெரிக்காவில் என்னைப்போல நோயின் வாசற்படியில் நின்ற எட்டு ஆண்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மணிக்குள் சாப்பாட்டை முடித்ததில், ஐந்து வாரத்தில் எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது. எட்டே பேர்தான், ஆனாலும் எனக்கு ஒத்துக்கொண்டது. கஷ்டம் சோற்றில் இல்லை, சாயங்காலம் கடையில் கட்டிப்பால் டீயை விட்டதில்தான்.

ஆனால் உனக்குப் பட்டினிதான் வழி என்று இல்லை. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் உன்னைப்போலச் சர்க்கரை நோய் வந்தவர்கள் 137 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும், தினமும் கொஞ்சம் குறைத்தவர்களுக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறங்கியது. அதிலும் மாத்திரையையும் ஊசியையும் அளவு பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள். நீ வெள்ளைச் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறி, மீன், பருப்பைக் கூட்டினாலும் பலன் உண்டு.

நாளைக்கே டாக்டரைப் பார். விரதம் இருந்ததையும் வேர்த்ததையும் மறைக்காமல் சொல். அவர் மாத்திரையை மாற்றித் தரும்வரை இராச்சாப்பாட்டை விடாதே, நீயாக மாத்திரையையும் நிறுத்தாதே. மறுபடி நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி. கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார், ஏறாவிட்டால் இன்னொரு தரம் குடி. தங்கச்சிக்கும் இதைச் சொல்லி வை, கட்டிலுக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பா இருக்கட்டும்.

உன் பதில் கடிதம் வரும்வரை என்னால் பொறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன், எடு.

உன் பழைய கூட்டாளி