எவ்வளவு என்று எழுதுங்கள், நவம்பருக்குள் எழுதுங்கள்: உதவித்தொகைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அம்மா அவர்களுக்கும், உதவித்தொகைக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பகுதிகளில் பிள்ளைகளுக்குப் பாட்டும் பியானோவும் நடனமும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. அமெரிக்காவில் நடக்கும் கோடைகால இசை நாடக (மியூசிக்கல் தியேட்டர்) பயிற்சிக்கு நீங்கள் அனுப்புவதாக இருந்த பிள்ளை விஷயத்தில் இந்த வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்கு நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. இடம் கிடைத்தது, பணம் தருவதாகச் சொன்னீர்கள், பிள்ளை போகவில்லை. விசா மறுத்துவிட்டார்களாம், வீட்டில் தனியே அனுப்பப் பயந்துவிட்டார்களாம் என்று ஊரில் பேச்சு உலவுகிறது. இரண்டும் பொய். விசா நேர்காணல் வரை காரியம் போகவே இல்லை. உங்கள் கடிதம் ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. வந்த கடிதத்திலும் தொகை இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. யாருக்கு உதவித்தொகை என்று முடிவு செய்து, எவ்வளவு என்பதை டாலரில் குறிப்பிட்டு, பயிற்சிக்கு முந்தைய வருஷம் நவம்பர் 30-க்குள் கையில் கடிதம் கொடுங்கள்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். வாரத்துக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ வகுப்பு உள்ள படிப்புக்கு அமெரிக்கா மாணவர் விசா கேட்கிறது. இசை நாடகப் பயிற்சி காலையில் குரல் வகுப்பில் தொடங்கினால் நடனம், நடிப்பு, பாட்டு ஆய்வு என்று போய் இரவு ஒத்திகையில் முடியும். 18 மணி நேரம் இரண்டு மூன்று நாளிலேயே தாண்டிவிடும். ஆகவே எஃப்-1 என்ற மாணவர் விசா. அந்த விசாவுக்கு ஐ-20 என்ற படிவத்தைப் பயிற்சி நடத்தும் கல்லூரி தர வேண்டும். முழுச் செலவுக்கும் பணம் இருக்கிறது என்று தாளில் காட்டாத வரை கல்லூரி ஐ-20 தராது, தரவும் முடியாது. ஐ-20 வந்தால்தான் அதில் செவிஸ் எண் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேட்டின் எண்) இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்ட முடியும். பிறகு டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், 185 டாலர் விசாக் கட்டணம், அதன்பின் நேர்காணலுக்கு நாள். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. இந்த வரிசையின் தலையில் நிற்பது உங்கள் கடிதம்.

இந்தப் பயிற்சிகளின் கட்டணம் பல ஆயிரம் டாலர். விமானச் சீட்டும் சேர்ந்து 9,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் நம் காசில் சுமார் ஒன்றரை லட்சம் ராண்டு. ஃபீனிக்ஸில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு குடும்பம் வங்கிக் கணக்கில் அதைக் காட்ட முடியுமா? முடியாது என்பதால்தானே உங்களிடம் வந்தார்கள்!

இந்த வருஷம் வந்த கடிதத்தை நாங்கள் பார்த்தோம். மேலே உங்கள் சங்கத்தின் சின்னம் இருந்தது. கீழே முத்திரையும் இரண்டு கையெழுத்தும் இருந்தன. நடுவில், “மேற்படி மாணவிக்கு இயன்ற அளவு உதவி செய்யப்படும்” என்று ஒரு வரி. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பிள்ளையின் பெயர் இல்லை, வீட்டில் கூப்பிடும் பெயர் இருந்தது. பயிற்சியின் பெயர் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. கல்லூரி அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டு, எவ்வளவு என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு உங்களிடமிருந்து பதில் வர மூன்று வாரமானது. அதற்குள் முன்பணம் கட்டும் கெடு கடந்து, காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொரு பிள்ளைக்கு இடம் போய்விட்டது. பதினாறு வயதுப் பிள்ளை அந்த மூன்று வாரமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் போனை வாங்கி மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் மரியாதை குறைந்துவிடும் என்பதால் நிறுத்திக்கொள்கிறோம்.

எப்படிப்பட்ட கடிதம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஒரு பக்கம் போதும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பிறந்த தேதி. பயிற்சியின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள். தொகை, டாலரில், எண்ணாலும் எழுத்தாலும். அந்தத் தொகை எதற்கெல்லாம் என்ற விவரம்: கட்டணமா, தங்குமிடமா, சாப்பாடா, விமானமா. கையெழுத்துப் போடுகிறவரின் பெயரும் பொறுப்பும் தொலைபேசி எண்ணும். அதோடு, அந்தப் பணம் சங்கத்தின் கணக்கில் இருக்கிறது என்று வங்கி தரும் ஒரு தாள்.

“முதலில் இடம் கிடைக்கட்டும், அப்புறம் கடிதம் தருகிறோம்” என்று நீங்கள் சொல்வது வழக்கம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இடம் கிடைத்ததும் முன்பணத்துக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் மிகக் குறைவு. கட்டிய முன்பணம் திரும்பி வராது. உங்கள் குழுவோ மாதம் ஒருமுறை கூடுகிறது, அதிலும் தைப்பூசக் காவடி வரும் மாதத்தில் கூடுவதில்லை. ஆகவே நிபந்தனையோடு கடிதம் கொடுங்கள்: “இடம் கிடைக்கும் பட்சத்தில் இவ்வளவு டாலர் தருகிறோம்.” இடம் கிடைக்காவிட்டால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும். இதில் சங்கத்துக்கு என்ன நஷ்டம் வரும் என்று எவ்வளவு யோசித்தும் எங்களுக்குப் புலப்படவில்லை.

கடைசி நேரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 நல்ல பாடம். அந்த வருஷம் மே மாதக் கடைசியில் அமெரிக்க அரசு மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் கொடுப்பதையே உலகம் முழுக்க நிறுத்தியது. ஜூன் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. பயிற்சிகள் ஜூன் கடைசியில் ஆரம்பிக்கின்றன. மார்ச்சில் நேர்காணலை முடித்துவைத்தவர்களை இது தொடவில்லை. நம் பக்கத்துத் தாள்களும் ஒரே நாளில் கிடைப்பவையல்ல. பதினாறு வயதுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், எடுத்துப் பார்த்தால் பல வீட்டில் அது காலாவதியாகியிருக்கும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை தனியே நாட்டை விட்டுப் போகத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் அதற்கே ஒரு மாதம் போய்விடும்.

இது தாள் சம்பந்தப்பட்டது மட்டுமாக இருந்தால் ஏதோ ஓடியாடிச் சமாளிக்கலாம். நவம்பர் என்று நாங்கள் சொல்வதற்கு உடம்பும் குரலும் ஒரு காரணம். நம் பிள்ளைகளில் பலர் கர்நாடக சங்கீதமும் பரதமும் படித்து வருகிறார்கள். நல்ல அடித்தளம், தாளம் பிசகாது, மனப்பாடம் நிற்கும். ஆனால் ஐந்து கட்டை சுருதியில் பாடிப் பழகிய பெண்பிள்ளைக்கு மேல் ஸ்தாயி பஞ்சமத்தைத் தாண்டிப் போகும் வேலை அநேகமாக வருவதில்லை. எல்லாமே நெஞ்சுக்குரலில் முடிந்துவிடும். பழைய பாணி இசை நாடகப் பாட்டு அந்தப் பஞ்சமத்துக்கும் நாலு சுரம் மேலே கொண்டுபோய் நிறுத்தும். அங்கே நெஞ்சுக்குரலைத் தள்ளினால் கழுத்து இறுகும், சுருதி கீழே இறங்கும், விடாமல் செய்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். தலைக்குரலைத் தட்டியெழுப்பி இரண்டையும் இணைக்க மூன்று நான்கு மாதமாவது வேண்டும். கமகத்தை (சுரத்தை அசைத்துப் பாடுவதை) அடக்கி, எழுதிய சுரத்தில் நேராகப் போய் நிற்கப் பழகுவது இன்னொரு வேலை. நடனமும் அப்படித்தான். அரைமண்டியில் (முழங்காலை மடித்த நிலையில்) பாதத்தைத் தட்டித் தரையை நோக்கிப் பழகிய உடம்பு, ஜாஸ் வகுப்பில் இரண்டு கால்களையும் இணையாக வைத்துத் துள்ளி, நுனிக்காலில் இறங்க வேண்டும். அவசரப்படுத்தினால் முழங்கால் போகும்.

பயிற்சியில் இடம் கேட்டு ஒளிப்பதிவுகளை ஜனவரி, பிப்ரவரியில் அனுப்ப வேண்டியிருக்கும். வழக்கமாகக் கேட்பது, மாறுபட்ட இரண்டு பாட்டு: ஒன்று பழைய பாணி, ஒன்று இந்தக் காலத்தது. ஒவ்வொன்றிலும் 16 முதல் 32 பார் (தாள அலகு), அதாவது ஒன்று ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போகாது. அச்சில் வந்த நாடகத்திலிருந்து ஒரு நிமிஷ வசனம், ஒரு சின்ன நடனம். வெட்டி ஒட்டக் கூடாது, ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். போனை முகத்துக்கு நேரே வைத்தால் உச்ச சுரத்தில் போன் தானாகவே சத்தத்தை அமுக்கிவிடும், குரலின் உயரமே கேட்காது. இரண்டு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பியானோ ஒலிக்கும் பெட்டி கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தால் பியானோதான் பாடும், பிள்ளை பாடாது. பாட்டு எந்த இடத்தில் வெட்டப்படுகிறது, எந்தச் சுருதி, என்ன வேகம் என்று பென்சிலில் குறித்த தாளைப் பியானோ வாசிப்பவர் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் பணமும் நாளும் ஆகும். உதவி உண்டா இல்லையா என்று தெரியாத குடும்பம் இதில் எப்படி இறங்கும்?

இந்த இடத்தில் உங்கள் தேர்வு முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மண்டபத்தில் எதிரொலி வைத்த மைக்கைக் கொடுத்து, கரோக்கியில் நாலு நிமிஷ சினிமாப் பாட்டைப் பாடவைத்து, கைதட்டலைப் பார்த்துத் தேர்வு செய்கிறீர்கள். மைக் இல்லாமல் ஒரு பியானோவைத் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்குப் போகிறதா, பாடும்போதே ஒரு பாத்திரமாக நிற்க முடிகிறதா என்பதை இந்தச் சோதனை காட்டாது. மெட்ரிக் (கிரேட் 12) படிப்பவர்களுக்கு மட்டும்தான் உதவி என்ற விதியும் சரியில்லை. அவர்களுடைய கோடை நமக்குக் குளிர்காலம். ஐந்து வாரப் பயிற்சிக்குப் போனால் மூன்றாம் பருவத்தின் தொடக்கம் போய்விடும், மெட்ரிக் பிள்ளைக்கோ அடுத்த மாதமே டிரயல் தேர்வு (இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு). அனுப்ப வேண்டியது கிரேட் 10, கிரேட் 11 பிள்ளைகளை. அங்கும் பெரும்பாலும் பள்ளியில் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் மீதியுள்ளவர்களைத்தான் தேடுகிறார்கள்.

“இது நம் கலையா? இதற்கு ஏன் சங்கப் பணம்?” என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டோம். 1860 முதல் இந்த நேட்டால் மண்ணுக்கு வந்தவர்கள் பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, கோயில் வாசலில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடினார்கள். பாட்டு, ஆட்டம், வசனம் மூன்றையும் ஒரே ஆள் செய்தான், மைக் இல்லாமல், ஆர்மோனியத்துக்கும் மத்தளத்துக்கும் மேலே குரல் எழுப்பி. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைகளைப் பார்த்து இது உன் கலையா என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அந்தக் கூத்தையும் நாம் காப்பாற்றவில்லை. ஆட்டம் தெரிந்த பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்ய எந்தச் சங்கமும் முன்வந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. வருஷா வருஷம் மேடை அலங்காரத்துக்கும் சிறப்பு விருந்தினர்களின் பொன்னாடைக்கும் பணம் கிடைக்கிறது. மண்டபத்தில் ஒரு பியானோ கிடையாது.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த உதவித்தொகையைத் தொடங்கியது நீங்கள்தான், அதை நாங்கள் மறக்கவில்லை. அது இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1931 முதல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைப் பயிற்சி நடத்துகிறது. மிச்சிகனில் இன்டர்லோக்கன் முகாம் 1928 முதல் நடக்கிறது. அத்தனை காலமாக நடக்கும் இடங்கள் நமக்காகக் கெடுவை மாற்றப்போவதில்லை. நம் நாள்காட்டியைத்தான் மாற்ற வேண்டும், அது உங்கள் கையில் இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மண்டபம் கிடைக்காது என்பது தெரியும்; பிள்ளைகளைத் தேர்வு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பியானோவை நாங்கள் கொண்டுவருகிறோம், வாசிக்கவும் ஆள் தருகிறோம், கட்டணம் வேண்டாம். தீபாவளிக்குப் பிந்தைய கூட்டத்தில் முடிவெடுத்து, தொகையோடு கூடிய கடிதத்தை நவம்பர் 30-க்குள் கொடுத்துவிடுங்கள். வரும் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எழுத்தில் பதில் தருமாறு தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த வருஷத்துக்காக ஒரு கிரேட் 10 பிள்ளையின் பெற்றோர் இப்போதே எங்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
பாட்டு, பியானோ, நடனம், நடிப்புப் பயிற்சியாளர்கள்
டர்பன்