திமித்ரியே தவிதோவிச்சுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய தவிதோவிச் அவர்களுக்கு,

வணக்கம். உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள் எழுதிய செர்பியாவின் 1835-ஆம் ஆண்டு அரசியலமைப்பை மட்டுமே பேசுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய ஆண்டுகள்தாம் விளங்காமல் இருக்கின்றன. வியன்னாவில் செர்பிய மொழிச் செய்தித்தாள் நடத்திய நீங்கள், எழுதப் படிக்கத் தெரியாத செர்பியச் சிற்றரசர் மிலோஷ் ஒப்ரெனோவிச்சுக்குச் செயலாளராக எப்படி இருந்தீர்கள்? பன்றி வணிகத்தின் ஆதாயத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, குடியானவர்களைத் தம் நிலத்தில் கூலியின்றி வேலை வாங்கியவர் அவர்; அவருடைய ஆணைகளுக்கு எழுத்து வடிவம் தந்தவர்களில் நீங்களும் ஒருவர்.

செர்பிய மொழிச் சீர்திருத்தவாதி வூக் கராஜிச் 1832-இல் மிலோஷின் ஆட்சியைக் கண்டித்து அவருக்கே நீண்ட கடிதம் எழுதினார். ஆனால் அவர் எழுதியது நீங்கள் பிறந்த ஸெமுனிலிருந்து. அதாவது, ஆற்றுக்கு அப்பால், ஆஸ்திரிய எல்லைக்குள் இருந்துகொண்டு. அவருடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் அரண்மனைக்குள்ளேயே இருந்து வாய்ப்புக்காகக் காத்திருந்த உங்கள் பொறுமையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த வாய்ப்பு 1835 ஜனவரியில், மிலோஷின் ஆட்சிக்கு எதிராக எழுந்த மிலேத்தாவின் கிளர்ச்சியாக வந்தது. அஞ்சிய மிலோஷ் அரசியலமைப்புக்கு இணங்கினார். நீங்கள் 14 அத்தியாயங்களும் 142 பிரிவுகளும் கொண்ட சட்டத்தைச் சில வாரங்களில் எழுதி முடித்தீர்கள். பிப்ரவரி 15 அன்று கிராகுயேவாட்ஸில் கூடிய பேரவை அதை ஏற்றது. ஆட்சியைச் சிற்றரசர் அரசவையுடன் பகிர வேண்டும், செர்பிய மண்ணில் கால் வைத்த அக்கணமே அடிமை விடுதலை பெறுவான் என்றெல்லாம் அதில் எழுதினீர்கள். கொடிக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களைத் தேர்ந்தது மட்டும் உங்களைப் போன்ற ராஜதந்திரிக்குச் சற்றே அசட்டுத் துணிச்சல்; பிரெஞ்சுப் புரட்சியின் சாயலைக் கண்டாலே முகம் சுளித்த பேரரசுகள் சுற்றிலும் இருந்தன அல்லவா?

ரஷ்யா, ஆஸ்திரியா, துருக்கி ஆகிய மூன்றும் எதிர்த்தன. அந்த எதிர்ப்பு மிலோஷுக்கு வசதியாகவே அமைந்தது. சில வாரங்களிலேயே சட்டத்தை முடக்கினார். பதவியிழந்த நீங்கள் ஸ்மெதரெவோவுக்குப் போய், 1838-இல் அங்கேயே காலமானீர்கள். அவ்வாண்டு டிசம்பரில், செர்பியா மீது மேலாதிக்கம் கொண்டிருந்த துருக்கிச் சுல்தான் வேறோர் அரசியலமைப்பை வழங்கினார். அதன்படி அமைந்த அரசவையின் 17 உறுப்பினர்களை மிலோஷ் தம் விருப்பப்படி நீக்க இயலாது. அந்தத் தளையைப் பொறுக்க முடியாமல் 1839 ஜூனில் அவர் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார்.

மரியாதையுடன்,
உங்கள் வாசகன்