மாதிரி ஜெட் விமானத்தின் தவறான அமைப்பு குறித்த புகார்க் கடிதம்

அனுப்புநர்:
பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், கோலாலம்பூர்.

பொருள்: முத்திரையிட்டு விற்கப்பட்ட மாதிரி ஜெட் விமானத்தின் தவறான அமைப்பும் நான்கு மாத அலைக்கழிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த நவம்பர் மாத நடுவில் 4,860 வெள்ளி (ரிங்கிட்) கட்டித் தங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய, தொலைக்கட்டுப்பாட்டில் பறக்கும் 90 மில்லிமீட்டர் மின்விசிறி ஜெட் மாதிரி விமானத் தொகுப்பைப் பற்றி எழுதுவது இது ஐந்தாவது முறை. இரண்டு முறை புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதினேன், இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், 11 முறை தொலைபேசியில் அழைத்தேன், இரண்டு முறை விமானத்தையே தூக்கிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தேன். விற்பனைப் பிரிவைக் கேட்டால் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்கச் சொல்கிறார்கள், தொழில்நுட்பப் பிரிவு இறக்குமதிப் பிரிவின் எண்ணைக் கொடுக்கிறது, அந்த எண்ணை அழைத்தால் விற்பனைப் பிரிவில் முதலில் பேசிய அதே பெண்மணி எடுத்து, "என்ன விஷயம்?" என்று புதிதாகக் கேட்கிறார். பேசிப் பேசி ஓய்ந்துபோனதால்தான் தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாடிக்கையாளர்கள் தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் ரசீதிலேயே அச்சிட்டிருப்பதால் தமிழில் எழுதுகிறேன். பொறுமையோடு கடைசிவரை படிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தொகுப்பைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீல மூடி போட்ட அந்தப் பெட்டியை அடுக்கியது நீங்கள். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களைப் பொருத்தியது நீங்கள். கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில் விமானத்தின் விவரங்களைப் பதிந்து, விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரோடு இணைத்துக் கொடுத்ததும் நீங்கள்தான். அந்த மடல்கள், அதாவது கட்டுப்பாட்டுப் பரப்புகள் எல்லாம் உங்கள் நிபுணர்களால் அமைக்கப்பட்டவை, பேட்டரியைச் செருகினால் பறக்க விடலாம் என்ற வாக்கை நம்பித்தான், உதிரியாக வாங்கிப் பொருத்துவதைவிடக் கூடுதல் விலை கொடுத்தேன். வால் பகுதியில் சர்வோ அறையின் மூடிமேல் சிவப்பு முத்திரைத்தாள் ஒன்றை ஒட்டி, அது கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முத்திரைத்தாளைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் 19 ஆண்டுகளாகச் சார்ஜ்மேனாக (மின்பொறுப்பாளராக) வேலை செய்பவன். எந்தப் புதுக் கருவியானாலும் ஓட்டுவதற்கு முன் அளந்து பார்ப்பது என் பழக்கம். பெட்டியைப் பிரித்த அன்றிரவே விமானத்தை மேசைமேல் வைத்து, இரும்பு அடிக்கோலை வாலின் பின்விளிம்போடு நிறுத்திப் பிடிக்கும்படி 13 வயது மகனிடம் சொல்லிவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் எலிவேட்டர் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) குச்சியை முழுக்க இழுத்தேன். வலப்பக்க எலிவேட்டர் 14 மில்லிமீட்டர் உயர்ந்தது; உங்கள் அமைப்புத்தாளில் இருப்பதும் 14தான். இடப்பக்கமோ 9 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளினால் வலம் 14, இடம் 15. மகன் தான்தான் கோலைச் சாய்த்துப் பிடித்துவிட்டோமோ என்று பயந்து மூன்று முறை அளந்தான். மூன்று முறையும் அதே கணக்குதான் வந்தது. டிரான்ஸ்மிட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வலப்பக்க சர்வோவுக்கு சப்டிரிம் (நடுநிலையைத் திருத்தும் எண்) சுழியம். இடப்பக்க சர்வோவுக்கு மட்டும் எல்லைக்கு அருகில்வரை ஏற்றப்பட்டிருந்தது.

இதன் பொருள் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இந்த சர்வோவின் அச்சில் 25 பற்கள் இருக்கின்றன. அந்த அச்சில் மாட்டும் நெம்புகோலான சர்வோ கையை ஒரு பல் தள்ளி மாட்டினாலே 14.4 பாகை சாய்ந்துவிடும். எலிவேட்டரை அசைக்கும் தள்ளுகம்பிக்கு 90 பாகையில் நிற்க வேண்டிய கையை ஒரு பல் தவறி மாட்டிவிட்டு, கழற்றித் திரும்ப மாட்டுவதற்குச் சோம்பல்பட்டு, டிரான்ஸ்மிட்டரில் எண்ணை ஏற்றி எலிவேட்டரை நடுநிலைக்கு இழுத்து வைத்திருக்கிறார் உங்கள் நிபுணர். பார்வைக்கு இரண்டும் நேராகத்தான் நிற்கும். அசைத்துப் பார்த்தால்தான் ஒரு பக்கம் இடம் போதாமல் முட்டிக்கொள்வது தெரியும்.

அளவுகளையும் படங்களையும் அன்றிரவே புலனத்தில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது: "இது தொழிற்சாலை அமைப்பு. எதையும் தொட வேண்டாம். முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் கிடையாது." என்னை விட்டிருந்தால் அரை மணி நேர வேலை. மூடியைத் திறந்து, ஒரு திருகாணியைக் கழற்றி, கையை ஒரு பல் திருப்பி மாட்டி, சப்டிரிமைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப அளந்திருப்பேன். நீங்களும் சரியாக அமைக்கவில்லை. என்னையும் அமைக்க விடவில்லை. உங்கள் பேச்சை மதித்து டிசம்பரில் விமானத்தைக் கோலாலம்பூருக்கே கொண்டுவந்து ஒப்படைத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, அஞ்சல் செலவு 85 வெள்ளியை என் தலையில் கட்டி, 'சோதிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை' என்ற சீட்டோடு திருப்பி அனுப்பினீர்கள். வீட்டில் அளந்தேன். வலம் 14, இடம் 9.

குறை இல்லையென்று நிறுவனமே எழுதிக் கொடுத்த பிறகு, நான்தான் தேவையில்லாமல் சந்தேகப்படுகிறேனோ என்று எனக்கே தோன்றிவிட்டது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேலாளரிடம் அனுமதி பெற்று, எடைமேடைக்கு முன்னால் நேராகப் போகும் ஆலைத் தார்ச்சாலையில் விமானத்தை ஓட விட்டேன். வேகம் பிடித்ததும் எலிவேட்டரை இழுத்தேன். வலப்பக்க எலிவேட்டர் அதிகமாகவும் இடப்பக்கம் குறைவாகவும் உயர்ந்தால், வாலின் வலப்பக்கம் அதிகமாக அழுத்தப்பட்டு விமானம் வலப்புறம் உருளும் என்பது இத்துறையில் கைவைத்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. அப்படியே உருண்டது. எய்லரானால் (இறக்கை மடலால்) நிமிர்த்தினேன், உடனே இடப்புறம் வெட்டி ஆடியது. ஒரு நூல் அளவு குச்சியை அசைத்தாலும் ஒரு முழம் துள்ளியது. 20 விநாடிகூட ஆகியிருக்காது; மறுநடவு செய்த இளஞ்செம்பனைகளுக்கு இடையிலுள்ள கால்வாயில் போய்க் குத்தியது. முன்சக்கரக் கால் முறிந்தது, இடது இறக்கையின் அடி பிளந்தது, சர்வோ அறையின் மூடி முத்திரைத்தாளோடு பெயர்ந்தது. அந்தத் திறப்பில்தான், ஒரு பல் தவறிச் சாய்ந்திருந்த சர்வோ கையை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

அந்த மூடிதான் பிப்ரவரி மாதப் பயணத்தில் உங்கள் ஊழியருக்கு ஆயுதமாகக் கிடைத்தது. அந்த நாளை நினைத்தால் இப்போதும் எழுதுகிற கை நடுங்குகிறது. சனிக்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லி, தொழில்நுட்பர் இருப்பார் என்று உறுதி சொன்னது உங்கள் அலுவலகம். தோட்டத்தில் பெரட்டு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) தொடங்கும் முன்பே எழுந்து, மைவி காரின் பின்னிருக்கைகளை மடித்து, உடைந்த விமானத்தைப் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். பக்கத்தில் மகன். 10 மணிக்கு வந்தவர்களை 12.40 வரை நாற்காலிகூடக் கொடுக்காமல் நிற்க வைத்துவிட்டு, தொழில்நுட்பர் வெள்ளிக்கிழமையிலிருந்தே விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். முகப்பில் இருந்த இளைஞர் நம் மொழி பேசுபவர். போர்வையை முழுவதுமாக விலக்கக்கூட விடாமல், பெயர்ந்த மூடியை மட்டும் ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "முத்திரை போச்சு, ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். விமானம் விழுந்ததால்தான் முத்திரை போயிற்று, முத்திரை போனதால் விமானம் விழவில்லை என்று நான் எடுத்துச் சொன்னபோது, கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவர் சொன்னது இதுதான்: "அண்ணே, ஜெட்டெல்லாம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது. எஸ்டேட்ல பட்டம் விடுங்க."

என் மகன் அதைக் கேட்டான். திரும்பி வரும் வழியில் தாப்பா ஓய்விடத்தில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. பள்ளி அறிவியல் விழாவில் விமானத்தை வைத்து விளக்க வேண்டும் என்று அவன் வரைந்து வைத்திருந்த படங்களை எல்லாம் மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டான். தோட்டத்தில் இருப்பவனுக்கு எது சரிப்பட்டு வரும் என்று தீர்ப்புச் சொல்ல உங்கள் ஊழியருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவர் அலட்சியமாகத் தூக்கிப் பார்த்த அந்த மூடிக்கு அடியில்தான் உங்கள் நிறுவனத்தின் தவறு அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் போதும்.

கோபத்தில் எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன், மன்னிக்கவும். விமானம் அவ்வாறு துள்ளியதற்குக் காரணம் பின்னர்தான் புரிந்தது. உங்கள் அமைப்புத்தாளின் மூன்றாம் பக்கத்தில் எய்லரானுக்கும் எலிவேட்டருக்கும் எக்ஸ்போ +30 விழுக்காடு என்று அச்சிட்டு, டிரான்ஸ்மிட்டரிலும் அதையே பதிந்திருக்கிறீர்கள். சில நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர்களில் நேர்க்குறி கொடுத்தால் குச்சியின் நடுப்பகுதி மென்மையாகும். வேறு சிலவற்றில் எதிர்க்குறி கொடுத்தால்தான் மென்மையாகும். நீங்கள் எனக்கு விற்றது இரண்டாம் வகை. திரையில் வளைகோட்டைப் பார்த்தாலே தெரிகிறது: நடுவில் படுத்திருக்க வேண்டிய கோடு அதிகச் சரிவோடு எழும்பி நிற்கிறது. மென்மையாக்குவதாக நினைத்துக் கூர்மையாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். வேறொரு டிரான்ஸ்மிட்டருக்கு எழுதிய தாளை இதற்கும் அப்படியே போட்டுவிட்டீர்கள் என்றே நான் கருதுகிறேன். அப்படியானால் இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களின் கையிலும் இதே +30 இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட அஞ்சத்தக்கது இன்னொன்று உண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில், மின்விசிறி தப்பித்ததா என்று பார்க்க, வீட்டு முன்தாழ்வாரத்தில் மேசைமேல் விமானத்தை வைத்து 6 செல் பேட்டரியைச் செருகினேன். முழுமின்னேற்றத்தில் 25.2 வோல்ட், முழுவேகத்தில் அந்த விசிறி 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். விசிறி நன்றாகவே சுழன்றது. திராட்டலை (விசிறியின் வேகக் குச்சியை) கீழே இறக்கி நிறுத்திவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். சமிக்ஞை அறுந்தால் விசிறி நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே ஃபெயில்சேஃப் என்ற ஒன்று இருக்கிறது? நின்றிருந்த விசிறி தானாகவே சீறிக்கொண்டு பாதி வேகத்துக்கு எழும்பியது. விமானம் மேசையின் விளிம்பை நோக்கி வழுக்கியது; துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி ஓடிவந்து இறக்கையைப் பிடித்து நிறுத்தினார். நான் டிரான்ஸ்மிட்டரைத் திரும்ப முடுக்கி, இணைப்பு வந்து விசிறி அடங்கும்வரை எங்கள் மூச்சும் நின்றுபோயிற்று. மகனின் விரல்கள் காற்று உறிஞ்சும் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தன. இந்த ரிசீவர், டிரான்ஸ்மிட்டருடன் இணைக்கப்படும் நேரத்தில் குச்சிகள் நிற்கும் நிலையையே ஃபெயில்சேஃப் நிலையாகப் பதிந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. திராட்டல் குச்சியைப் பாதியில் விட்டுவிட்டு இணைத்திருக்கிறார்கள். டிசம்பரில் இரண்டு வாரம் சோதித்தவர்கள் டிரான்ஸ்மிட்டரை ஒரே ஒருமுறை அணைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எனக்கு நேர்ந்த இழப்பு 4,860 வெள்ளி மட்டுமன்று. சாலைக் கட்டணம், கார் எண்ணெய், அஞ்சல், உப்பிப்போன பேட்டரி, சம்பளம் பிடித்த நான்கு நாள் விடுப்பு, தூக்கமில்லாத இரவுகள், அக்கம்பக்கத்தார் முன்னால் பட்ட தலைகுனிவு, மகனுக்குப் போன ஆர்வம் எல்லாவற்றையும் சேர்த்தால் இது 20,000 வெள்ளிக்கு ஒரு சென்னும் குறையாது. மகனின் விரல்களுக்கு விலை போடச் சொன்னால் அந்தத் தொகையும் போதாது.

ஆயினும், நீண்டகாலமாக நடக்கும் நிறுவனம் என்ற மரியாதையில், இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுக்கவே விரும்புகிறேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பாக இருப்பதும் அந்தத் தரத்துக்குள் அடங்கும். நீங்கள் ஒட்டிய சிவப்புத்தாள் அந்தச் சட்டத்துக்கு மேற்பட்டதன்று. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம், 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். பாரத்தையும் நிரப்பிவிட்டேன், தேதி போடுவதுதான் பாக்கி. புலனச் செய்தி, 'குறை எதுவும் இல்லை' சீட்டு, அடிக்கோல் வைத்து எடுத்த படங்கள், விசிறி தானாக எழும்புவதைப் பிறகு மேசையோடு கட்டிவைத்து எடுத்த காணொலி அனைத்தும் என்னிடம் உள்ளன. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், உள்நாட்டு வாணிப அமைச்சுக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் இதன் நகல் போகும்.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது என் கண்முன்னால் அளந்து சரிபார்த்த புது விமானத்தைக் கொடுங்கள். இதே தொகுப்பை வாங்கிய ஒவ்வொருவருக்கும் எக்ஸ்போ குறியையும் ஃபெயில்சேஃபையும் பற்றி உடனே அறிவியுங்கள். என் பணத்தைவிட இது அவசரம், ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். பட்டம் விடச் சொன்ன அந்த இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. என் மகனுக்கு இரண்டு வரி எழுதட்டும்.

விமானத்தை நான் இனிக் கோலாலம்பூருக்குக் கொண்டுவரப் போவதில்லை. பேட்டரியைக் கழற்றி, அதே நீல மூடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் சுங்கை சிப்புட்டுக்கு வந்து பார்க்கலாம், எடுத்துச் செல்லலாம். வருவதற்கு முன் மாலை 5 மணிக்குமேல் அழைக்கவும். அதற்கு முன் ஆலை இரைச்சலில் கைப்பேசி ஒலிப்பது கேட்காது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.