66-ஆம் சாலை மோட்டல்காரர்களுக்கு: நாயை எங்கே விட்டுவிட்டுச் சாப்பிடுவது?

அமெரிக்காவில் இல்லினாயிலிருந்து கலிஃபோர்னியா வரை, பழைய 66-ஆம் சாலையின் இருபுறமும் மோட்டல் என்ற சாலையோர விடுதியும் உணவகமும் நடத்துகிறவர்களுக்கும், அந்தச் சிற்றூர்களை நிர்வகிப்பவர்களுக்கும்,

வணக்கம். அமெரிக்க மோட்டல்களில் சுமார் பாதி இந்திய வம்சாவளியினர் கையில் இருப்பதாகச் சொல்வார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் குஜராத்திகள். எனவே நான் தமிழில் எழுதுவது உங்களுக்கு நேரடியாகப் பயன்படாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நாயும் குடும்பமுமாக உங்கள் கவுண்டரில் வந்து நிற்கப்போகும் தமிழர்கள் எடுத்துச் சொல்லிக்கொள்வார்கள்.

நாயோடு வருகிறவரிடம் உங்கள் சாலை மூன்று விதிகளைச் சொல்கிறது. அறையில் நாயைத் தனியே விட்டுப் போகாதே என்கிறது மோட்டல். உள்ளே கொண்டுவராதே என்கிறது உணவகம். வெயிலில் காருக்குள் அடைத்து வைக்காதே என்கிறது சட்டம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். பழக்கமில்லாத அறையில் தனியே விட்டால் நாய் குரைக்கும், கதவைப் பிறாண்டும், பக்கத்து அறைக்காரர் உங்களைத்தான் எழுப்புவார். ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பசியோடு நிற்கிற மனிதர் நாயை எங்கேதான் விடுவார்? நானும் என் மனைவியும் முறைவைத்துச் சாப்பிடுகிறோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் மற்றவர் வாசலில் எங்கள் நாய் மணியோடு நிற்பார். தனியாக வருகிறவருக்கு அந்த வழியும் இல்லை. பெட்ரோல் பங்கில் வாங்கிய சாண்ட்விச்சைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். பக்கத்து உணவகத்துக்கு ஒரு வாடிக்கையாளர் போச்சு.

கார் விஷயத்தில் நான் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. வெளியே இதமான 22 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே, வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடும். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கலிஃபோர்னியாவில் அப்படி ஆபத்தில் விடுவது குற்றம். காவல்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கண்ணாடியை உடைத்துப் பிராணியை மீட்பவருக்கு 2017 முதல் அங்கே சட்டப் பாதுகாப்பும் உண்டு. அப்படியே இருக்கட்டும். நீடில்ஸ், ஆம்பாய் பக்கத்துப் பாலைவனத்தில் ஜூலை மாதம் நாயோடு வருகிறவரிடம் நானே சண்டைக்குப் போவேன்.

ஆகவே தளர்த்தக்கூடியவை மற்ற இரண்டும்தான். இதில் உணவகக்காரர்களுக்கு வேலை சுலபம். வாசலில் நான்கு மேசை போட்டால் போதும். திறந்தவெளி மேசைகளுக்கு நாயை அனுமதிக்கக் கலிஃபோர்னியா 2015-இலிருந்தும் டெக்சஸ் 2019-இலிருந்தும் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கின்றன. மத்திய உணவு-மருந்து நிர்வாகம் மாநிலங்களுக்குத் தரும் மாதிரி விதித் தொகுப்பிலும் 2022-இல் இது வந்துவிட்டது. உங்கள் மாநிலத்தில் என்ன நிலை என்று கவுண்டி (மாவட்ட) சுகாதார அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்காமலே 'கூடாது' என்று பலகை மாட்டியிருக்கிற கடைகள் நிறைய இருக்கும் என்பது என் சந்தேகம்.

நாய்க்காரர்களுக்காக நீங்கள் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். 1978 செப்டம்பரில் ஐ-40 என்ற இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலை திறந்ததும் அரிசோனாவின் செலிக்மேன் ஊரை எல்லோரும் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1985-இல் 66 என்ற எண்ணே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே செலிக்மேனில் முடிதிருத்தகம் வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடில்லோவும் ஊர்க்காரர்களும் 1987-இல் சங்கம் ஆரம்பித்து, பழைய சாலைக்கு 'வரலாற்றுச் சாலை' என்ற தகுதியை மாநில அரசிடமிருந்து வாங்கினார்கள். உங்கள் பிழைப்பு திரும்ப வந்தது அங்கிருந்துதான். வேகமாகப் போக ஐ-40 இருக்கிறது. மெதுவாகப் போகிறவர்களை நம்பித்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நாயோடு போகிறவரைவிட மெதுவாகப் போகிறவர் யார்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்தினால் ஒரு காபி, ஒரு துண்டு 'பை' பலகாரம், பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு 66 காந்த ஒட்டி. ஒரே மூச்சில் 500 மைல் ஓட்டுகிற ஆளிடமிருந்து உங்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

உங்கள் கட்டடங்களும் எங்களுக்குத் தோதானவை. இன்டர்ஸ்டேட் ஓரத்துச் சங்கிலி விடுதிகளில் மூன்றாம் மாடி அறை கிடைத்தால், நள்ளிரவில் மூத்திரத்துக்கு முனகுகிற நாயை லிஃப்டில் இறக்கி, வரவேற்பறையைக் கடந்து கொண்டுபோக வேண்டும். பழைய மோட்டலில் கதவைத் திறந்தால் தரை. நியூ மெக்சிகோவில் டூகம்கேரி ஊரின் புளூ ஸ்வாலோ மோட்டல் மாதிரி இடங்களில் அறையை ஒட்டியே காருக்கும் கொட்டகை கட்டினார்கள். கார்க்காரருக்காக அன்று செய்த ஏற்பாடு இன்று நாய்க்காரருக்கும் பொருந்துகிறது. அதை விளம்பரத்தில் ஒரு வரி சொல்லிக்கொள்ள உங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

காரணம் உள்ள தடையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அரிசோனாவின் ஓட்மன் ஊர்த் தெருவில் திரியும் கழுதைகள், சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வாரிசுகள். அவை நாயைக் கண்டால் எதிரியாகவே பார்க்கும், உதைக்கும். அங்கே நாயை இறக்காதே என்றால் சரி, இறக்கவில்லை. அதே அரிசோனாவில், 66-ஆம் சாலையின் ஒரு துண்டைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரே தேசியப் பூங்காவான பெட்ரிஃபைட் ஃபாரஸ்டைப் பாருங்கள். 6 அடிக்கு மிகாத கயிறு இருந்தால் நடைபாதைகளில் நாய் நம்மோடு வரலாம், கட்டடங்களுக்குள் மட்டும் கூடாது. பழைய சாலை போன இடத்தைக் காட்ட அங்கே ஒரு 1932 ஸ்டூடிபேக்கர் காரை நிறுத்தியிருக்கிறார்கள். மணிக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை, அதன் நிழலில் படுத்துக்கொண்டது. கல்லாகிப்போன மரங்களைக் காக்கிற பூங்காவுக்கே நாயால் ஆபத்தில்லை என்றால், 25 பவுண்டுக்கு மேல் எடையுள்ள நாய் வேண்டாம் என்று ஒரு மோட்டல் சொல்வதற்கு என்ன காரணம்? ராத்திரி முழுக்கக் குரைப்பது பெரும்பாலும் சின்ன நாய்கள்தான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஊனமுற்றோருக்கு உதவப் பயிற்சி பெற்ற சேவை நாய்க்குக் கட்டணம் வாங்கவோ கதவை மூடவோ சட்டம் உங்களை அனுமதிப்பதில்லை. இதைப் பயன்படுத்திக்கொண்டு, ஆன்லைனில் சேவை நாய்க்கான ஒரு சிவப்பு உடுப்பை வாங்கி வீட்டு நாய்க்கு மாட்டி உள்ளே வருகிறவர்கள் உண்டு. அது திருட்டுத்தனம். உண்மையாகவே நாயை நம்பி வாழ்கிறவரை நீங்கள் சந்தேகமாகப் பார்ப்பது அவர்களால்தான். ஆனால் நேர்மையாக வருகிறவருக்கு ஒரு வாசலும் இல்லாதபோது, அந்த உடுப்பு இன்னும் விற்கத்தான் செய்யும்.

ஊர் நிர்வாகங்களிடம் கேட்பது சின்னது. நகரச் சதுக்கத்தில் ஒரு குழாய், ஒரு மரநிழல், நெருஞ்சி அகற்றிய ஒரு துண்டு மண். நியூ மெக்சிகோவில் புல் மாதிரித் தெரிகிற இடமெல்லாம் நெருஞ்சிதான், இரண்டடி வைப்பதற்குள் நாய் மூன்று காலில் நிற்கும். தாரில் நடத்தலாம் என்றால், 30 டிகிரி வெயிலில் தார் 55-ஐத் தாண்டிவிடுகிறது, பாதம் வெந்துபோகும். சாலையின் நூற்றாண்டுக்கென்று 2026-க்காகச் சுவரோவியமும் நியானும் போடும் ஊர்கள் ஒரு குழாயும் போடலாம்.

அப்புறம், கட்டணம். வாங்குங்கள், முடி உதிர்வதை நானே பார்க்கிறேன். ஆனால் அறை வாடகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சாவியை நீட்டும்போது சொல்லாதீர்கள். நாயை அறையில் ஒரு மணி நேரம் கூண்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா, எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டால் நல்லது. கூண்டை நாங்களே கொண்டுவருகிறோம். இலையுதிர் காலத்தில் மறுபடி வருவதாக இருக்கிறோம். இப்போது அறைகளை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
மணியின் வீட்டுக்காரர்