அப்புத்தளையிலிருந்து தெரிந்த வெள்ளைக் கோடு

அப்புத்தளை
பெப்ரவரி 2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடச் சுணங்கியதற்குக் காரணம் அக்காவின் முழங்கால். பதுளைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் நாள் போனது தெரியவில்லை. இப்போது தேவலை, பழையபடி என்னைத் திட்டத் தொடங்கிவிட்டாள். கோத்தகிரியில் பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே அந்தளவுக்கு இல்லை. நுவரெலியாப் பக்கம்தான் விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததாம், அதைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து வேன் வேனாகச் சனம். நமக்கு அந்த வயதில் அது காலை விறைக்க வைக்கிற சனியன். இப்போது அதற்கு டிக்கெட் இல்லாததுதான் குறை.

உனக்குப் பேரன் பிறந்ததில் பெரிய சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது.

சரி, கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே: “நெசமாவே கடல்ல ரேஸ் போனியா, இல்ல லண்டன்காரன் சும்மா கதை விடுறியா?” போனேன் மச்சான். அதுவும் காசு கட்டிப் போனேன். அந்தக் கதையை உனக்குத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

நான் இருபத்தைந்து வருடம் லண்டனில் பஸ் கராஜில் ஸ்பேனர் பிடித்தது உனக்குத் தெரியும். அங்கே என்னோடு வேலை செய்த ஒரு பொடியன் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு படம் காட்டினான். மலை மாதிரி அலை, அதில் சரிந்துகொண்டே போகிற ஒரு பாய்மரப் படகு, மேலே மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள். “இவங்க யாரும் மாலுமி இல்ல அங்கிள், டீச்சர், நர்ஸ், டிரைவர், அந்த மாதிரி ஆளுங்க” என்றான். அதுதான் கிளிப்பர் போட்டி. சேர் ரொபின் நொக்ஸ் ஜோன்ஸ்டன் என்ற கிழவர் 1996-ல் தொடங்கி வைத்தது. 1969-ல் முதன்முதலாகத் தனி ஆளாக, எங்கேயும் கரை தொடாமல், 312 நாளில் உலகத்தைச் சுற்றி வந்த மனுஷன். அவர் போன சுஹைலி என்ற படகு 32 அடிதான், தேக்கு மரத்தில் பம்பாயில் கட்டியது. அதைக் கேட்டதும் ஏதோ நம்ம பக்கத்து ஆள் என்ற நினைப்பு வந்துவிட்டது எனக்கு.

நான் போன தடவை போட்டியில் 11 படகு. எல்லாம் ஒரே அச்சு, 70 அடி. ஒவ்வொன்றிலும் சம்பளத்துக்கு ஒரு கப்டனும் ஒரு துணை ஆளும். மிச்சம் இருபது பேர் சொச்சம் எங்களைப் போல காசு கட்டின கூட்டம். முழுச் சுற்று கிட்டத்தட்ட 40,000 கடல் மைல், ஒரு வருடம் போல ஆகும். அதற்கு எனக்கு லீவும் இல்லை, பணமும் இல்லை. எட்டுக் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்தது 2023 கடைசியில், தென்னாபிரிக்காவின் கேப் டவுனிலிருந்து அவுஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் வரை. வீட்டுக்காரி முதலில் சிரித்தாள். பணம் கட்டின ரசீதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அதற்கு முன் இங்கிலாந்தின் தென் கரையில் நாலு கட்டப் பயிற்சி. குளிர், முடிச்சு, திட்டு. அதை விடு.

அந்தக் கட்டத்தை ஏன் எடுத்தேன் என்று எல்லாரும் கேட்டார்கள். இருக்கிறதிலேயே மோசமான கடல்களில் அது ஒன்று. 40 பாகைக்குத் தெற்கே காற்றைத் தடுக்கத் தரை அதிகம் கிடையாது, உலகத்தை அது பாட்டுக்குச் சுற்றி வரும். நான் ஏதோ சவால் அது இதென்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் யாருக்கும் விளங்கியிருக்காது.

முதல் நாலு நாள் நான் மனுஷனே இல்லை. வாளியும் நானும்தான். வாந்தி எடுத்தாலும் முறை மாறாது மச்சான். பகலில் ஆறு மணித்தியாலம், இரவில் நாலு மணித்தியாலம், ஒரு பாதி மேலே நின்றால் மறு பாதி கீழே தூங்கும். தூங்குகிற படுக்கையும் சொந்தமில்லை. ஒருத்தன் எழும்பிப் போன சூட்டிலேயே மற்றவன் படுக்க வேண்டும். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்றபடி கயிற்றை இழுத்துப் படுக்கையை மட்டப்படுத்த வேண்டும். மறந்தால் நடுச் சாமத்தில் எதிர்ப்பக்கத்து ஆளின் மேல் விழுவாய். முதல் இரவே நான் விழுந்தேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது, “அப்ப அங்கயும் பெரட்டுத் தப்பு அடிச்சானுகளா?” என்று கேட்டாள். தோட்டத்தில் விடியமுன் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கிற பறையைத்தான் சொல்கிறாள். அங்கே தப்பு இல்லை, காலைப் பிடித்து ஆட்டி எழுப்புவார்கள் என்றேன். எனக்குச் சம்பளம் எவ்வளவு என்றாள். நான்தான் கட்டினேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: “நம்ம சனம் ஆயிரம் ரூவா சம்பளத்துக்கு எத்தன வருசம் ரோட்டுல நின்னுச்சு. நீ காசு குடுத்து நனைஞ்சிட்டு வந்திருக்க.” இதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. படகில் எங்களைக் கட்டிப்போடுகிற வார்ப்பட்டையைப் போட்டுக் காட்டினேன். அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “செங்குத்து மலையில கொழுந்து எடுக்கையில எங்களுக்கு எவன் கயிறு கட்டினான்?” என்றாள். நாற்பது வருடம் கொழுந்து எடுக்க இடுப்பில் படங்குத் துணி கட்டினவள், அவளிடம் மழையைப் பற்றிப் பேசப் போனது என் தப்பு.

ஐந்தாம் நாள் வயிறு அடங்கியது. ஆறாம் நாள் சமையல் முறை வந்தது. இரண்டு பேர் சேர்ந்து நாள் முழுக்க எல்லாருக்கும் ஆக்கிப் போட வேண்டும். அதற்குக் கூலி, அன்றைக்கு இரவுக் காவல் கிடையாது. படகு முப்பது பாகை சாய்ந்து ஓடுகிறது. அடுப்பை ஊஞ்சல் மாதிரி தொங்க விட்டிருப்பதால் அது மட்டும் நேராக நிற்கும், நாம்தான் சுவரில் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். பார்த்தால் அடுப்புக்கு வெறி பிடித்து ஆடுகிற மாதிரி இருக்கும். அக்கா இடித்துக் கொடுத்த தூள் ஒரு போத்தல் கையில் இருந்தது. பருப்புக் கறி வைப்போம் என்று இறங்கினேன். பருப்பு வெந்து நல்லாத்தான் வந்தது. தாளித்தேன் பார், அங்கேதான் பிசகியது. கதவெல்லாம் அடைத்த கூடு, கடுகும் செத்தல் மிளகாயும் எண்ணெயில் பொரிந்த புகை போக வழியில்லை. தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரும் இருமிக்கொண்டே எழும்பிவிட்டார்கள். ஒருத்தர் நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்து அணைக்கிற சிலிண்டரைத் தேடினார். அந்தக் கலவரத்தில் நான் திரும்ப, ஒரு அலை அடிக்க, பானையிலிருந்து கால்வாசிப் பருப்பு என் சப்பாத்துக்குள். மிச்சத்தைச் சோற்றோடு போட்டேன். தட்டை வழித்துத் தின்றார்கள். அதற்குப் பிறகு யார் சமையல் முறையாக இருந்தாலும் பருப்புக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள், மிளகாயை மேலே கொண்டுபோய்ப் பொரி என்ற நிபந்தனையோடு.

பயந்தாயா என்று கேட்பாய். பயந்தேன். ஒரு ராத்திரி காற்று ஏறிக்கொண்டே போனது. முன்னால் ஏற்றியிருக்கிற பாய்க்கு யாங்கி என்று பெயர், பெரிது, நடு, சின்னது என்று மூன்று. காற்று கூடக் கூடச் சின்னதுக்கு மாற்ற வேண்டும், அதுவும் மூக்கு நுனிக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். ஐந்து பேர் தவழ்ந்து போனோம், தளத்தில் ஓடுகிற பட்டியில் கொக்கியை மாட்டிக்கொண்டு. மூக்கு அலைக்குள் குத்தும்போது தண்ணீர் நெஞ்சு வரை வந்து ஆளைத் தூக்கிப் பின்னால் போடும். விளக்கு வெளிச்சத்தில் எதிரில் இருப்பவனின் வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. பாய்த்துணி நனைந்த படங்கை நூறு மடங்காக்கினது போல, நகத்தால் கவ்வித்தான் இழுக்க வேண்டும். நான் கையுறையைக் கழற்றிவிட்டேன், பிடி கிடைக்கட்டும் என்று. அது என் மடத்தனம். கயிறு உருவிக்கொண்டு ஓடியதில் வலது உள்ளங்கைத் தோல் போய்விட்டது. கீழே பின்பக்கத்தில் கயிறெல்லாம் வந்து சேர்கிற பள்ளம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் பாம்புக் குழி. அதில் உட்கார்ந்து கையைப் பார்த்து அழுதேன், ஐம்பத்து மூன்று வயதில். மழையில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

இனி உனக்கு எழுத வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

ஞாபகம் இருக்கிறதா, நாம் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு மேலே இரண்டாம் நம்பர் மலை உச்சியில் அந்தப் பாறை? மழை விட்ட காலைகளில் தெற்கே கீழ்நாடு முழுக்கத் தெரியும், அந்தக் கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். கணக்கப்பிள்ளை அதை அம்பாந்தோட்டைக் கடல் என்றார், உன் அப்பா உப்பளம் என்றார். நீயும் நானும் அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அடித்துக்கொண்டோம். நீ இன்னொரு மலை இருக்கும் என்றாய். நான் ஒன்றும் இருக்காது என்றேன். நம் இரண்டு பேரில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. என் அப்பாயி தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் வந்தவள்தான், ஆனால் அவளைக் கேட்டால் “கண்ண மூடிக்கிட்டே வந்தேன்” என்பாள்.

அப்புறம் 1982-ல், இந்தியாவுக்கு அனுப்புகிற பட்டியலில் உங்களுக்குப் பேர் வந்தது. பண்டாரவளை ரயில் நிலையத்தில் உன் அம்மா அந்த அம்மிக்கல்லை விட மாட்டேன் என்று நின்றாள். ஆறு மாதம் கழித்து நீலகிரியிலிருந்து உன் முதல் கடிதம் வந்தது, கொப்பித் தாளில். தலைமன்னாரில் கப்பல் ஏறினதை எழுதியிருந்தாய். “மச்சான், கடலுக்குள்ள போனா அந்தக் கோடு இல்ல. எல்லாப் பக்கமும் தண்ணி” என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. நீ பார்த்தது வேறு கடல், நம்ம கோடு தெற்கே இருக்கிறது என்று பதில் எழுதினேன். அது உனக்கு வந்ததோ என்னவோ.

பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். முறை முடித்துக் கீழே இறங்கினவன், கப்டனின் மேசைத் திரையை எட்டிப் பார்த்தேன். தெற்கு 41 பாகை. கிழக்கு 80 பாகை 57 நிமிடம். நான் திரும்ப மேலே ஏறிவிட்டேன். போகிற கட்டத்தை எடுக்கும் முன்பே வரைபடத்தில் அளந்து வைத்திருந்த எண் அது. அப்புத்தளை இருப்பது அந்தக் கோட்டில்தான் மச்சான். அங்கிருந்து நேர் வடக்கே போனால், கிட்டத்தட்ட 5,200 கிலோமீட்டர், நடுவில் ஒரு தீவு, ஒரு பாறை கிடையாது, முதலில் தட்டுப்படுகிற தரை நம்ம தெற்குக் கரை. அதற்கு மேலே நம்ம மலை.

மத்தியானம். அந்தப் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது வடக்கே நிற்கும். மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. நான் இடது பக்கம் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து சூரியனுக்குக் கீழே பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமும். ஒரு அல்பட்ரோஸ், இரண்டு இறக்கையையும் விரித்தால் பத்து அடி வரும், ஒரு தடவைகூட அடிக்காமல் அலைக்கு மேலே சறுக்கிக்கொண்டு கூடவே வந்தது. கோடு இல்லை. நீ சொன்னது சரி. மலை இருக்கும் என்றதும் ஒரு வகையில் சரிதான், ஒரு அலையின் பள்ளத்தில் படகு இறங்கும்போது அடுத்தது மேல் மலை மாதிரித்தான் நின்றது. நான் சொன்னதும் தப்பில்லை. கால்மணி நேரம் இருந்திருப்பேன். பாய் இழுக்க ஆள் வேண்டும் என்று கத்தினார்கள், எழும்பிப் போனேன்.

அதற்குப் பிறகு பத்து நாளில் ஃபிரிமாண்டில். பதினொன்றில் நாங்கள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. தரையில் கால் வைத்ததும் தரை ஆடியது, ஒரு பிளேன்டீ கேட்டேன், பாலோடு கொண்டு வந்தார்கள்.

போன கிழமை அந்தப் பாறைக்கு ஏறிப் பார்த்தேன். கவ்வாத்து வெட்டி மலை மொட்டையாக இருக்கிறது. மூச்சு வாங்கியது. மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. மார்ச்சில் தெளியும் என்கிறாள் அக்கா.

நீ வா மச்சான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது, நிறுத்தி நிறுத்தித்தான் ஓடுகிறது, கேட்டு விசாரித்துக்கொண்டு ஏறு. நாலு மணித்தியாலம்தான். யாழ்ப்பாணத்துக்கு வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன். வயிற்றை நிறைக்காதே, காலியாகவும் விடாதே. ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள். கப்பலின் நடுப்பாகத்தில் உட்கார், போனைப் பார்க்காதே, தூரத்தில் தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தையே பார். அம்மிக்கல் ஒன்றும் கொண்டுவராதே, அக்காவிடம் இரண்டு இருக்கிறது.

உன்
பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்