கட்டணம் அல்ல, காகிதமே தடை

ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்ற தங்கள் கட்டுரை, மாணவர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடத்தைத் தொடவில்லை. விசாவுக்கு, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் (blocked account) ஓராண்டுச் செலவுத் தொகை 11,904 யூரோ காட்ட வேண்டும். 2022 நவம்பர் முதல், இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏபிஎஸ் (APS) சான்றிதழும் கட்டாயம். அதன் பரிசீலனைக்கே பல வாரங்கள் ஆகும். குளிர்காலப் பருவத்துக்குப் பல துறைகளில் விண்ணப்பிக்க ஜூலை 15 கடைசி நாள். சிலவற்றில் அதற்கும் முன்பே முடிந்துவிடும்.

நான் சரிபார்த்த விண்ணப்பங்களில் அடிக்கடி கண்ட சிக்கல் நம் ஊர் இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டிலோ தந்தையின் முழுப்பெயர். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி வாங்கி வருவதற்குள் பொன்னான நாட்கள் கரைந்துவிடுகின்றன. கல்லூரிகள் மூன்றாம் ஆண்டிலேயே இரு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பெயர், பிறந்த தேதியைச் சரிபார்த்துத் தர வேண்டும்.